பழைய வாக்குவம் கிளீனர்: ஒரிஜினல் ஸ்பேரா, லோக்கலா?

கேள்வி: 2 செப்டம்பர் 2023

அப்பா 1987-ல் வாங்கிய வாக்குவம் கிளீனர். உருளை மாதிரி இருக்கும், கீழே சக்கரம். இருபது வருஷமாகப் பரணில் கிடந்ததை இறக்கினேன். சுவிட்ச் போட்டால் ஓடுகிறது. ஆனால் பின்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தால் உள்ளே பொறி பறக்கிறது, கருகல் வாடையும் வருகிறது. கார்பன் (மோட்டாரின் சுற்றுகிற பாகத்தில் உரசிக் கரண்ட் கொடுக்கிற கட்டி) தீர்ந்துவிட்டது என்கிறார் மெக்கானிக். லோக்கல் கார்பன் ஜோடி 60 ரூபாய். ஆன்லைனில் ஒருவர் பாக்கெட் பிரிக்காத ஒரிஜினல் ஜோடியை 850-க்கு வைத்திருக்கிறார். ஹோஸ் வெடித்திருக்கிறது, பேரிங்கும் சத்தம் போடுகிறது. எல்லாவற்றையும் ஒரிஜினலாகத் தேடிப் பிடிக்கணுமா, கிடைத்ததைப் போட்டு ஓட்டலாமா?

பதில்: 2 செப்டம்பர், இரவு

ஒரிஜினல்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

என்னிடமும் ஏறக்குறைய அதே வயசு மெஷின் இருக்கிறது. 1984-ல் மாமா குவைத்திலிருந்து வரும்போது தூக்கிக்கொண்டு வந்தது. கம்பெனி பேர் சொல்லமாட்டேன், சொன்னால் அதற்காகச் சண்டை போட நாலு பேர் வருவார்கள். ஆறு வருஷம் முன்னால் எனக்கும் இதே கார்பன் தொல்லை. பக்கத்துக் கடையில் கொடுத்தேன், அரை மணி நேரத்தில் 50 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றே மாசம், பழையபடி பொறி. கழற்றிப் பார்த்தால் கம்யூட்டேட்டரில், அதாவது கார்பன் உரசுகிற, செம்புக் கட்டைகள் சேர்ந்த உருளையில், நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். கார்பன் போட்ட மாதிரியே இருக்கிறது, செம்பு தேய்ந்திருக்கிறது! தேய வேண்டியது கார்பன். அப்புறம் ஒரிஜினல் ஜோடி தேடி வாங்கிப் போட்டேன், இன்றுவரை ஓடுகிறது. 60 ரூபாய் சாமான் ஆர்மேச்சரை, மோட்டாரில் சுற்றுகிற பாகத்தையே, தின்றுவிடும் தம்பி. 850 கொடுங்க.

3 செப்டம்பர்

நேற்று விட்டுப்போனது. காசு கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பொறியை நன்றாகப் பாருங்க. கார்பன் நுனியில் குண்டூசித்தலை அளவுக்கு நீலமாக மினுக்கினால் அது சகஜம், புது மெஷினிலும் உண்டு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக ஓடினால் கார்பனைக் குற்றம் சொல்லாதீங்க. செம்புக் கட்டைகளுக்கு நடுவே கார்பன் தூள் அடைத்திருக்கும், இல்லை ஆர்மேச்சர் காயில் (கம்பிச் சுருள்) போயிருக்கும். தூள் என்றால் பழைய பல் பிரஷ் போதும். காயில் என்றால் 850-ம் வீண், 60-ம் வீண்.

9 செப்டம்பர்

2-ஆம் தேதி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு மிக்ஸி மெக்கானிக் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. மிக்ஸியும் வாக்குவமும் ஒரே ஜாதி மோட்டார். கார்பன், கம்யூட்டேட்டர், நிமிஷத்துக்கு இருபதாயிரத்தை ஒட்டிய சுற்று, எல்லாம் ஒன்று. ஆறு வருஷம் முன்னால் கம்யூட்டேட்டரைத் தின்ற அந்த 50 ரூபாய் கார்பனை நான் தூக்கிப் போடவில்லை (எதையும் தூக்கிப் போடுவதில்லை என்பது வீட்டில் தனிச் சண்டை). அதை அவரிடம் காட்டினேன். பேப்பர் ஓரத்தில் வைத்து ஒரு கோடு இழுத்தார். கீறல் விழுந்ததே தவிரக் கோடு விழவில்லை. பிறகு மிக்ஸி கார்பனை எடுத்து இழுத்தார், பென்சில் மாதிரி கறுப்பாக விழுந்தது.

"இது காரு செல்ஃப் மோட்டாரு கார்பனுங்க. அரத்துல ராவி உள்ள திணிச்சு உட்டிருக்கான். வெயில்ல புடிச்சுப் பாருங்க."

வெயிலில் பிடித்தால் செம்புத் தூள் மின்னுகிறது. கார் ஸ்டார்ட்டர் 12 வோல்ட், இழுக்கிற ஆம்பியரோ நூற்றுக்கணக்கில். அதனால் அதன் கார்பனில் செம்பு கலப்பார்கள். நம் மெஷினுக்கு வேண்டியது நேர் எதிர். கம்யூட்டேட்டர் சுற்றும்போது கார்பனுக்கு அடியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டும் ஒரு கணம் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் காயிலுக்குள் ஓடும் வீண் கரண்டைக் கட்டுப்படுத்துவது கார்பனுடைய தடைதான். செம்பு கலந்தால் தடை போச்சு, பொறி கிளம்பும். ஆக, என் மெஷினைக் கெடுத்தது லோக்கல் கார்பன் அல்ல, வேறு மோட்டாருக்குப் பிறந்த கார்பன்.

இன்னொன்று. ஒரிஜினல் போட்டதும் சரியாகிவிட்டது என்று எழுதினேன் அல்லவா? அதற்கு முன்னால் ஆர்மேச்சரை லேத்தில் கொடுத்துப் பள்ளத்தைக் கடைந்து, கட்டைகளுக்கு நடுவே கரண்ட் தாவாமல் தடுக்கிற மைக்காத் தகட்டைக் கீழே இறக்கி வெட்டியிருந்தேன். நல்ல பேரை மட்டும் கார்பன் வாங்கிக்கொண்டது.

பெரியவர் 40 ரூபாய்க்கு ஒரு மிக்ஸி ஜோடி கொடுத்தார். அகலம் ஒரு நூல் கூடுதல், தரையில் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துக் குறைத்தேன். கார்பன் தன் கூட்டுக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆடவும் கூடாது. முனையைக் கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பதப்படுத்த வேண்டும், அதற்கும் மெல்லிய உப்புத்தாள்தான். எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு 200 வாட் பல்ப் ஒன்றை சீரியஸில் போட்டு அரை மணி நேரம் மெதுவாக ஓட விட்டேன். சில நாளாக ஓடுகிறது, பொறியே கண்ணில் படவில்லை. கழற்றிய ஒரிஜினல் ஜோடி டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

10 செப்டம்பர்

அதற்காக 850-ஐ வாங்கவே கூடாது என்று அர்த்தமில்லை. கார்பன் உளுத்துப் போகிற சாமான் அல்ல, நாற்பது வருஷம் கழித்தும் கார்பன்தான். ஒரிஜினல் பாக்கெட்டில் ஸ்பிரிங் துருப்பிடிக்காமல் இருந்தால், உங்களுக்கு ராவுகிற பொறுமை இல்லாவிட்டால், வாங்குங்க. ராவுகிற கூலிதான் அந்த 790.

17 செப்டம்பர்

பேரிங். இதில் ஒரிஜினல் என்பதே பாதி பொய்.

போன தடவை கம்பெனி முத்திரை போட்ட கவரில் 700 கொடுத்து ஒன்று வாங்கினேன். பிரித்தால் உள்ளே இருப்பது வேறொரு பேரிங் கம்பெனியின் சரக்கு, விளிம்பில் 608 என்று அடித்திருக்கிறது. வாக்குவம் கிளீனர் செய்கிறவன் பேரிங் செய்வதில்லை, கவர்தான் செய்கிறான். 608 என்றால் உலகத்தில் எந்த ஊரிலும் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். பழையதைத் துடைத்து நம்பரைப் படித்து, பேரிங் கடையில் அந்த நம்பரைச் சொல்லிக் கேளுங்க. கால் விலை.

ஆனால் ரோலர் ஸ்கேட்டுக்கு விற்கிற 608-ஐ, அளவு ஒன்றுதானே என்று போட்டுவிடாதீங்க. பெரிய பேர் எழுதி பாதி விலைக்கு வருகிற பெட்டியும் வேண்டாம். பேரிங்கில் போலி அவ்வளவு. எஸ்கேஎஃப் கம்பெனியே போலியைக் கண்டுபிடிக்க போனில் ஒரு ஆப் விட்டிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்க.

சுத்தியலால் தட்டி இறக்காதீங்க. ஷாஃப்டில் ஏற்றும்போது அழுத்தம் உள் வளையத்தில் மட்டும் விழணும். தூசி மெஷின் என்பதால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கிற 2ஆர்எஸ் ரகம் நல்லது.

24 செப்டம்பர்

மேலே கடைசி வரி தப்பு. ரப்பர் சீல் வேண்டாம்.

ஈரோட்டு நண்பர் ஒரே கேள்வி கேட்டார்: "உங்க மோட்டார் என்ன ஸ்பீடு?" அங்கேயே மாட்டிக்கொண்டேன். மில் மெயின்டனன்ஸில் முப்பது வருஷம், 1440 சுற்று மோட்டாரோடு குடும்பம் நடத்தியவன் புத்தி எனக்கு. அந்த வேகத்தில் ரப்பர் சீல் தங்கம். இருபதாயிரம் சுற்றில் அந்த ரப்பர் உதடு உள் வளையத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அவர் சொல்வதை நம்பாமல் 2ஆர்எஸ் போட்டு ஓட்டினேன். இருபது நிமிஷத்தில் அந்த முனையில் கை வைக்க முடியவில்லை. கழற்றிவிட்டு, தகடு மூடி போட்ட இசட் இசட் ரகம், சி3 இடைவெளி உள்ளதாகப் பார்த்துப் போட்டேன். தகடு உரசாது. சி3 என்றால் உள்ளே கொஞ்சம் கூடுதல் தொளதொளப்பு, சூட்டில் உள் வளையம் விரியும்போது இறுகாமல் இருக்க. இப்போது வெதுவெதுப்புதான்.

பழைய பேரிங்கைத் துடைத்து நம்பரைப் படிக்கச் சொன்னேனே, நம்பருக்குப் பின்னால் இருக்கிற எழுத்தையும் படித்திருக்க வேண்டும். என்னுடையதில் சி3 என்று அடித்தே இருந்தது. கண்ணாடி போடாமல் பார்த்திருக்கிறேன்.

1 அக்டோபர்

பேக், ஹோஸ்.

என் மெஷினுக்கான காகிதப் பேக் நின்று பல வருஷமாகிறது. தையல்காரரிடம் கொடுத்து காடாத் துணியில் ஒன்று தைத்தேன். பிரமாதமாக உட்கார்ந்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக விழுகிற நேரத்தில் ஓட்டியபோதுதான் தெரிந்தது, முன்னால் உறிஞ்சுகிற மாவுத்தூசி பின்னால் புகையாக வருகிறது. வீட்டம்மாவுக்கு அன்று முழுக்கத் தும்மல். தூசியை இடம் மாற்றுகிற மெஷினாம், அவள் வைத்த பேர்.

இதில் ஒரு வேடிக்கை. 1907-ல் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம் கேன்டனில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர் என்று ஒரு துப்புரவுத் தொழிலாளி, ஆஸ்துமாக்காரர். பெருக்குகிற தூசி தாங்காமல் ஒரு ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, பையாக ஒரு தலையணை உறை, இவற்றைச் சேர்த்து மெஷின் கட்டினார். 1908-ல் பேடன்ட் வாங்கினார், அதை வாங்கி வளர்ந்ததுதான் ஹூவர் கம்பெனி. அதாவது அந்த மெஷினின் ஒரிஜினல் பேக், தலையணை உறை! அதற்கும் முன்னால், 1901-ல் லண்டனில் உறிஞ்சும் மெஷினுக்கு வழி செய்த ஹியூபர்ட் செசில் பூத், ஓட்டல் நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார் என்பார்கள். கைக்குட்டையில் தூசி படிந்ததாம், அவருக்கு மூச்சடைத்ததாம். துணி எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்பதற்கு அவர் தொண்டையே சாட்சி.

எங்கள் ரக மெஷினில் பேக்கைத் தாண்டி வரும் காற்றுதான் மோட்டார் வழியாகப் போய் அதைக் குளிர வைக்கிறது. பேக் விடுகிற மாவு காயிலிலும் கம்யூட்டேட்டரிலும் போய்ப் படியும். இப்போது நான் செய்வது: பழைய காகிதப் பேக்கின் அட்டைக் கழுத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டேன். வேறு மெஷினுக்கு இன்று கடையில் கிடைக்கிற, நெய்யாத இழையில் செய்த பேக்கை வாங்கி அந்தக் கழுத்தில் ஒட்டுகிறேன். கழுத்து ஒரிஜினல், வயிறு லோக்கல். பேக் நிறைந்தாலோ அடைத்தாலோ மோட்டார் திணறி அதிக கரண்ட் இழுத்துப் புகைந்துவிடும், அதனால் முக்கால்வாசி நிறைந்ததும் மாற்றுங்க.

ஹோஸ்: ஒரிஜினல் தேடாதீங்க. ரப்பர் மேல் துணி பின்னிய அந்தக் காலத்து ஹோஸ் பாக்கெட்டுக்குள்ளேயே வெடித்திருக்கும். இரண்டு முனையிலும் உள்ள பிடி திருகினால் கழன்று வரும், அதை வைத்துக்கொண்டு 32 மில்லிமீட்டர் புது ஹோஸை நடுவே மாட்டினால் முடிந்தது. உங்கள் பிடி வேறு அளவாக இருக்கலாம், அளந்துகொள்ளுங்க. வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியே போகிற பைப்பை மாட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். மாட்டிப் பார்த்தவன் நான். உள்ளே முழுக்க வரிவரி, தலைமுடி ஒவ்வொரு வரியிலும் சிக்கும். போதாததற்குக் காற்று போகும்போது ஊதும் பாருங்க, முகூர்த்தத்துக்கு நாயனம் ஏற்பாடு செய்ய வேண்டாம்.

8 அக்டோபர்

பேக் அடைத்தால் அதிக கரண்ட் இழுக்கும் என்று எழுதினேன். கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விக் கரண்ட் அளப்பது) போட்டுப் பார்த்தேன். திறந்த வாயோடு 3.5 ஆம்பியர். ஹோஸ் வாயை உள்ளங்கையால் அடைத்தால் 2.7. குறைகிறது!

மறுபடியும் மில் மோட்டார் புத்தி. அடைத்தால் சத்தம் கீச்சென்று ஏறுவதைக் கேட்டு மோட்டார் திணறுகிறது என்று நினைக்கிறோம். அது திணறல் இல்லை, வேலை இல்லாத குஷி. தள்ளுவதற்குக் காற்று இல்லை, சுமை குறைந்து வேகம் ஏறுகிறது. கெடுதல் வேறு பக்கமாக வருகிறது: காற்றுப் போக்கு நின்றால் குளிர்ச்சியும் நின்றது, கரண்ட் குறைந்தாலும் உள்ளே வேகும். பேக்கை மாற்றச் சொன்னது சரி, சொன்ன காரணம்தான் தப்பு.

15 அக்டோபர்

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை ஆறு வாரம் கழித்துச் சொல்கிறேன். தம்பி, அந்த மெஷினை இப்படியே பிளக்கில் சொருகாதீங்க.

நேற்று என் அக்கா வீட்டு மெஷின், அதுவும் எண்பதுகளில் வாங்கியது. சுவிட்ச் போட்ட ஐந்தாவது நிமிஷம் பட்டாசு மாதிரி ஒரு சத்தம், வெள்ளைப் புகை, மீன் கருகின மாதிரி நாற்றம். மெஷின் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. திறந்து பார்த்தால் சுவிட்சுக்குப் பின்னால் உள்ள கண்டன்சர் வெடித்திருக்கிறது. கார்பன் பொறியால் ரேடியோ கரகரக்காமல் இருக்க அந்தக் காலத்தில் போடுவது. உள்ளே காகிதம். வெளிக்கூடு நாளாவட்டத்தில் மயிரிழையாக வெடித்து, காகிதம் ஈரத்தை உறிஞ்சி, ஒரு நாள் இப்படி.

புகையோடு போனால் புண்ணியம். சில மெஷினில் அதே கண்டன்சரின் ஒரு பாகம் லைனுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவே இருக்கும். அது ஷார்ட் ஆனால் உடம்பு முழுக்கக் கரண்ட். ஈரத் தரையில் நின்று பிடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இங்கே ஒரிஜினலைத் தேடுகிறவனுக்கு என் கையாலேயே அடி. பாக்கெட் பிரிக்காத 1985 கண்டன்சர் என்றால் 1985-லிருந்து ஈரம் குடித்துக்கொண்டிருக்கிற கண்டன்சர். புதுசு வாங்குங்க, பழையதில் எழுதியுள்ள அதே அளவு, அதே வோல்ட். லைனுக்குக் குறுக்கே போடுவது எக்ஸ்2 முத்திரை, உடம்புக்குப் போவது ஒய்2 முத்திரை, இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. சில பத்து ரூபாய் சமாச்சாரம். சீலிங் ஃபேன் கண்டன்சர் வீட்டில் கிடக்கிறது போடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது 2.5 மைக்ரோ ஃபேரட், இது 0.1. வேலையும் வேறு.

கேபிளையும் வளைத்துப் பாருங்க. மேல் ரப்பர் பொடிந்தால் மாற்றிவிடுங்க.

23 அக்டோபர்

ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்தது ஒரிஜினல் மூடி மேலேதான், உள்ளே எவ்வளவு லோக்கல் என்று சரஸ்வதிக்குத் தெரியும்.

இந்த மெஷின்கள் இத்தனை பரண்களில் கிடப்பது எப்படி என்று ஒருவர் கேட்டார். 1982-ல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸோடு சேர்ந்து யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கியது, டை கட்டிய பையன்கள் வீடு வீடாக வந்து மெத்தையை உறிஞ்சி, வந்த தூசியை வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டினார்கள். அதைப் பார்த்த எந்த அம்மா வாங்காமல் இருப்பாள்? வாங்கிய பிறகு, காலையில் துடைப்பம் எடுப்பதா, மெஷினை உருட்டி வயர் சொருகுவதா என்று வந்தபோது துடைப்பம் ஜெயித்தது.

5 நவம்பர்

ஹோஸ் பற்றி எழுதியதற்கு ஒருவர் சண்டைக்கு வந்தார், ரப்பர் பாக்கெட்டுக்குள் கெடாது என்று. அவருக்காக.

தெரிந்தவர் ஒருவரின் அமெரிக்க மெஷின், நின்ற வாக்கில் தள்ளுவது, அடியில் பிரஷ் உருளை, அதைச் சுற்ற ரப்பர் பெல்ட். 120 வோல்ட் என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரோடு வாழ்கிறது. இந்த மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸா 60-ஆ என்ற கவலை கிடையாது, வோல்ட் மட்டும் சரியாக இருந்தால் போதும். எழுபதுகளின் ஒரிஜினல் பெல்ட் ஒன்று, பளபளவென்ற அட்டையோடு, கப்பல் கூலியெல்லாம் சேர்த்து 1,600 ரூபாய்க்கு வரவழைத்தார். மாட்டினோம். இரண்டாம் நாள் அறுந்தது. மடித்திருந்த இடத்திலேயே வெடிப்பு. பிறகு அளவு கொடுத்து லோக்கலில் ஒன்று வாங்கினோம். அது இறுக்கம் அதிகம், உருளை முனைப் பேரிங் சுட்டது. அடுத்ததைக் கொஞ்சம் நீளமாக வாங்கி ஓட்டுகிறார். ரப்பர் சாமானுக்குப் பிறந்த தேதி பார்க்கணும், ஜாதகம் அப்புறம்.

19 நவம்பர்

"முதல் நாள் ஒரிஜினல்தான் என்றவர், இப்போது ஒவ்வொன்றாக லோக்கல் பக்கம் போய்விட்டீர்களே" என்று கேலி. ஆமாம். ஆனால் சுவிட்ச், மூடிக் கொக்கி, பேக் உட்காரும் அறையின் வாய் ரப்பர், ஃபேன் இறக்கை, இவற்றுக்கு இன்றும் நான் ஒரிஜினல் பிச்சை எடுக்கிறவன். இதையெல்லாம் யாரும் வெளியே செய்வதில்லை. செத்த மெஷின் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கி உறுப்பு தானம் வாங்குவதுதான் வழி. ஃபேன் இறக்கையை மட்டும் ஒட்டிப் போட்டு ஓட்டாதீங்க. அந்த வேகத்தில் ஒரு பக்கம் அரை கிராம் கூடினாலும் அதிர்வில் புது பேரிங் போய்விடும்.

வாய் ரப்பரைச் சைக்கிள் ட்யூபில் வெட்டிப் போட்டிருக்கிறேன். வேலை செய்கிறது. அதை ஒரிஜினல் கணக்கில் எழுதியதற்கு மன்னிக்கவும்.

14 ஜனவரி 2024

போகி. கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பியிருக்கிறார். கண்டன்சர் புதுசு, பேரிங் 608 இசட் இசட் சி3, ஹோஸ் 32. கார்பன் மட்டும் 850 கொடுத்து ஒரிஜினலே வாங்கிவிட்டாராம், "அப்பா வாங்கின மெஷின், அதில் ஏதாவது ஒன்றாவது" என்கிறார். சரி, அதற்கு நான் என்ன சொல்ல.

இரண்டு மாசம் ஓட்டிவிட்டு கம்யூட்டேட்டரைப் படம் எடுத்து, "சாக்லேட் நிறத்தில் கறை பிடித்திருக்கிறதே, எமரி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவா?" என்று கேட்கிறார். தொடாதீங்க! கார்பன் நன்றாக உட்கார்ந்தால்தான் அந்த நிறம் வரும். மூடியைப் போட்டு இறுக்கிவிட்டுப் பரணைச் சுத்தம் பண்ணப் போங்க.